எதிரியின் வேனில் வந்த சாட்சி

மாமல்லபுரத்துக் கடலோரத்தில், உயரமாகச் சுவர் எழுப்பிய சொகுசு விடுதி ஒன்றில் புல் வெட்டுவது சின்னையனின் உத்தியோகம். அவருடைய அப்பா, பிறத்தியார் வயலில் நெல்லுக்கு நடுவே முளைத்த புல்லைப் பிடுங்கினார். புல் வளரவே கூடாது என்பது அந்தக் காலத்துக் கொள்கை. இப்போது அந்த வயல்களெல்லாம் விடுதிகளாகி, அங்கே காசு கொடுத்துப் புல்லை வளர்க்கிறார்கள். வளர்ந்ததும் வெட்டச் சின்னையனைக் கூப்பிடுகிறார்கள். இரண்டு தலைமுறையாக அந்தக் குடும்பம் புல்லோடுதான் மல்லுக்கட்டுகிறது. நிலத்தோடு மல்லுக்கட்ட, நிலம் என்று ஒன்று இருந்தால்தானே.

மனைவி மேரி அதே விடுதியில் படுக்கை விரிப்பு துவைத்தாள். வீட்டில் பேசும் இலாகா மேரியிடம் இருந்தது. தலையாட்டும் இலாகா சின்னையனிடம். கடைக்காரனிடம் பேரம், மகள் அன்பரசியின் பள்ளிக்கூடத்தில் சண்டை, மாதா கோயில் பங்குச் சாமியாரிடம் கேள்வி, எல்லாம் அவள்தான். ரேஷன் கடையில் பெயரைக் கேட்டால்கூடச் சின்னையன் ஒருமுறை திரும்பி மேரியைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். பிற்பாடு அரசாங்கம் தன் தரப்பில் பேசுவதற்கென்று ஊரெல்லாம் சலித்துத் தேர்ந்தெடுத்தது இப்பேர்ப்பட்ட மனிதரைத்தான்.

கொரோனாவுக்கு முந்தின வருஷம், மேரியின் முழங்கால் வலிக்காக இருவரும் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மாத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் மேரி சாலையை விட்டு இறங்கி, ஓரத்து மண்ணில் நின்றாள். சின்னையன் எதிர்ச்சாரிக் கடைக்கு டீ வாங்கப் போனார். "சக்கர கம்மியா போடச் சொல்லுய்யா" என்பதுதான் அவள் கடைசியாகச் சொன்னது. பெரிய மனிதர்களின் கடைசி வார்த்தைகளைப் போல இதை யாரும் கல்லில் பொறிக்கப் போவதில்லை என்பதால் இங்கே எழுதி வைக்கிறோம்.

அப்போது ஒரு குட்டி யானை வந்தது. யானை என்றதும் கோயிலைத் தேட வேண்டாம். தண்ணீர் கேன் ஏற்றிப் போகும் சின்ன லாரிக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். முன்னால் போன பஸ்ஸை இடப்பக்கமாக முந்தப் பார்த்து அது மண்ணில் இறங்கியது. மண்ணில் மேரி நின்றாள்.

டிரைவர் இறங்கினான். கீழே கிடந்த மேரியைப் பார்த்தான். இரண்டு கையிலும் டீயோடு சாலையைக் கடந்து வந்த சின்னையனைப் பார்த்தான். தலையில் கை வைத்துக்கொண்டான். கூட்டம் சேருவதற்குள் ஓடிவிட்டான். அந்த முகம் சின்னையனின் கண்ணில் அப்படியே தங்கிவிட்டது.

சட்டம் சும்மா இருக்கவில்லை. அஜாக்கிரதையால் உயிரைப் போக்குகிறவனுக்கு அன்றைய சட்டத்தில் அதிகபட்சம் இரண்டு வருஷம் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பிறகு புதுச் சட்டம் வந்து இரண்டை ஐந்தாக்கியது. ஆனால் புது விலை புதுச் சாவுகளுக்குத்தான் செல்லும். மேரி பழைய விலையில் செத்தவள். ஸ்டேஷனிலேயே ஜாமீனும் உண்டு. மறுநாள் முதலாளியோடு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு டிரைவர் வீட்டுக்குப் போனான். மேரி வீட்டுக்கு வர அவனைவிடக் கொஞ்சம் நேரமாயிற்று. அவளுக்குப் பிரேதப் பரிசோதனை பாக்கி இருந்தது.

டிரைவரின் லைசென்ஸைச் சில மாதம் முடக்கி வைத்தார்கள். சும்மா கிடந்தால் துருப்பிடித்துவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ, பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவன் பெயர் உலகநாதன். கோர்ட்டுத் தமிழில் அவனுக்குப் பெயர் 'எதிரி'. சின்னையனுக்குப் பெயர் 'அரசுத் தரப்பு முதல் சாட்சி'. இரண்டாம் சாட்சியான டீக்கடைக்காரர், கடையை ஊரப்பாக்கத்துக்கு மாற்றியபோது ஞாபகத்தையும் கூடவே மாற்றிக்கொண்டார். "நான் டீ ஆத்திகினு இருந்தேன், டீயத்தான் பாத்தேன்" என்று கூண்டில் ஏறிச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். தண்ணீர் கேன் முதலாளியோ, அன்றைக்கு எந்த வண்டியை யார் எடுத்தார்கள் என்று எழுதி வைக்கவில்லை என்றார். ஆக, வண்டியை ஓட்டியவனின் முகத்தைப் பார்த்ததாகச் சொல்ல உலகத்தில் மிச்சமிருந்தது தலையாட்டும் இலாகா மட்டும்தான்.

படிப்பு முடித்து, சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டி உள்ள ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் அன்பரசி, அப்பாவை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தாள்.

"ப்பா, நீ ஒண்ணும் பெருசா பேச வாணாம். இந்தாளுதான்னு கையக் காட்டு, போதும். ஜெயிலு கியிலெல்லாம் அப்பறம். நான்தான் இடிச்சேன்னு அவன் சொல்லணும். இல்லாட்டி அவன்தான் இடிச்சான்னு கோர்ட்டு சொல்லணும். யாராவது ஒருத்தர் வாயத் தொறந்து சொல்லணும்ப்பா. அம்மா என்னா தானா வுழுந்தா செத்துச்சி?"

சின்னையன் தலையாட்டினார்.

கையைக் காட்டுவது சுலபமாகத்தான் தெரிந்தது. ஆனால் கையைக் காட்டும் நாள் வரவேண்டுமே. முதலில் கொரோனா வந்து கோர்ட்டையே மூடியது. திறந்தபோது நீதிபதி மாறியிருந்தார். புது நீதிபதி கேஸ் கட்டைப் படித்து முடிக்கும்போது வக்கீல்கள் ஏதோ ஒரு நியாயத்துக்காகக் கோர்ட்டைப் புறக்கணித்தார்கள். அவர்களுக்கு நியாயம் கிடைத்ததும், விசாரணை செய்த இன்ஸ்பெக்டர் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் சின்னையன் ஒருநாள் புல்லை வளரவிட்டுவிட்டு, பூஞ்சேரிக் கூட்டுரோட்டில் வந்து செங்கல்பட்டு பஸ்ஸுக்கு நின்றார்.

ஒருநாள் பஸ் வரவில்லை. சின்னையனும் போகவில்லை. சில நாள் கழித்து ஸ்டேஷன் ஏட்டு சதாசிவம் விடுதி வாசலுக்கே வந்துவிட்டார்.

"இன்னாய்யா சின்னையா, உம் மேல வாரண்டு கீது."

"நான் இன்னா பண்ணேன் ஏட்டய்யா?"

"வரல. அதான் பண்ண."

"பஸ்ஸு வரல."

"பஸ்ஸு மேல வாரண்டு போட முடியாது. அதுக்கு வூடு வாசல் இல்ல, உனக்குக் கீது. கூட்டுரோட்ல ஷேர் வேன் வருது பாரு, அத்தப் புடிச்சி வந்து சேரு. டான்னு வந்துடும்."

மேரியை இடித்தவனுக்கு ஒருநாளும் வராத வாரண்ட், மேரியின் புருஷனுக்கு வந்தது. சட்டம் யாரையும் விட்டுவைப்பதில்லை என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான் போலிருக்கிறது.

அடுத்த வாய்தா அன்று சின்னையன் ஷேர் வேனுக்கு நின்றார். வேன் டான் என்று வந்தது. ஓட்டி வந்தவன் உலகநாதன். தண்ணீர் கேன் முதலாளி வேலையை விட்டுத் தூக்கிய பிறகு அவனுக்குக் கிடைத்த பிழைப்பு அது.

சின்னையன் ஏற வைத்த காலைக் கீழே வைத்தார். திரும்பிச் சாலையைப் பார்த்தார். பஸ் வரும் அறிகுறி இல்லை. வாரண்ட் மட்டும் கண் முன்னால் வந்தது. உலகநாதன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி, முகத்தைத் திருப்பாமலே சொன்னான்.

"ஏறு அண்ணாத்த. எனக்கும் அங்கதான் வாய்தா."

யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு நியாயம் இருந்தது. சாட்சிக்காகக் காத்திருக்கும் கோர்ட்டு, எதிரிக்காகவும் காத்திருக்கிறது. எதிரியே ஓட்டிக்கொண்டு போகும் வேனைவிட நேரத்துக்குப் போய்ச் சேரும் வேன் இந்த ஜில்லாவில் வேறெது? சின்னையன் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தார். கடைசி சீட்டு அவருடைய கண்டனம்.

ஆனால் கடைசி சீட்டில் குலுக்கல் அதிகம். புல்வெட்டும் மிஷினோடு அல்லாடிய இடுப்பு அது. வாய்தாக்கள் போகப் போக, கண்டனமும் ஒவ்வொரு வரிசையாக முன்னால் நகர்ந்து, ஒருநாள் டிரைவர் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தது. அங்கே உட்கார்ந்த பிறகு சின்னையன் ஒன்றைக் கவனித்தார். அவர் ஏறிய நாளிலெல்லாம் வேன் ஊர்ந்து போயிற்று. எந்த பஸ்ஸையும் முந்துவதில்லை. ரோட்டோரம் யாராவது நின்றால் உலகநாதனின் கால் தானாக பிரேக்குக்குப் போயிற்று.

கருவாட்டுக் கூடையோடு ஏறின கிழவி ஒருத்திக்குப் பொறுக்கவில்லை. "இன்னா நைனா, வேன் ஓட்டுறியா, பாடை தூக்கிகினு போறியா?"

உலகநாதன் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு அதே வேகத்தில் ஓட்டினான். கிழவி விடுவதாக இல்லை.

"ரெண்டு பேரும் கோர்ட்டுக்குப் போறீங்கன்னு சொன்னாங்க. பங்காளித் தகராறா?"

"அந்த மாரிதாம்மா" என்றான் உலகநாதன்.

"பேசித் தீத்துக்கினு போங்கடா. கோர்ட்டுல போயி ஜெயிச்சவனும் தோத்தான், தோத்தவனும் செத்தான்."

அதற்கும் சின்னையன் தலையாட்டினார். பழக்கம்.

இப்படி வருஷங்கள் ஓடின. அண்ணாத்த என்று அவன் கூப்பிட்டதற்கு இவர் முதலில் திரும்பவில்லை. பிறகு திரும்பினார். பிறகு "இன்னிக்கி ஜட்ஜ் லீவாம் அண்ணாத்த, நீ எதுக்கு வெயில்ல அலையற" என்று அவனே முன்கூட்டித் தகவல் சொல்லும் அளவுக்கு வந்தது. சம்மன் சொல்லாத சேதியெல்லாம் எதிரி மூலமாகத்தான் சாட்சிக்குக் கிடைத்தது. சின்னையன் மட்டும் ஒவ்வொரு தடவையும் இறங்கும்போது, வேனுக்கான காசை அவன் கையில் கொடுக்காமல் சீட்டின் மேல் வைத்துவிட்டுப் போவார். அதற்கு மேல் அவருக்குப் பகை காட்டத் தெரியவில்லை.

ஒருநாள் திருக்கழுக்குன்றத்தில் வேனே காலியாகிவிட்டது. முன்சீட்டில் இவர்கள் இருவர் மட்டும். ஊர் தாண்டியதும் உலகநாதன் வண்டியின் வேகத்தை இன்னும் குறைத்தான்.

"அண்ணாத்த."

"இன்னா?"

"அன்னிக்கி பஸ்ஸு திடீர்னு… நான் பாக்காம…"

சின்னையன் சட்டென்று கையை உயர்த்தினார். வாழ்நாளிலேயே அவர் அவ்வளவு அதிகாரமாகக் கை உயர்த்தியதில்லை.

"இங்க சொல்லாத. அங்க வந்து சொல்லு."

"அங்க வாயத் தொறக்கக் கூடாதுன்னு வக்கீல் சொல்லிகீறாரு."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. எழுதிக்கிறவங்க அங்கதான் கீறாங்க. இங்க சொன்னா காத்தோட போயிடும்."

இதில் சின்னையனைக் குறை சொல்ல முடியாது. அவர் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். பாவசங்கீர்த்தனம், அதாவது செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்வது என்றால், அதற்கென்று ஒரு கூண்டு உண்டு. அதில் போய் முழங்காலிட்டுச் சொன்னால்தான் செல்லும். அதே பாவத்தை மார்க்கெட்டில் சாமியாரை வழிமறித்துச் சொன்னால், "கோயிலுக்கு வாப்பா" என்றுதான் அவர் சொல்வார். கோர்ட்டிலும் கூண்டு இருக்கிறது. ஆகவே பாவத்தை அங்கேதான் சொல்லவேண்டும் என்று சின்னையன் எடுத்த முடிவில் அவருடைய வேதத்தின்படி ஒரு பிழையும் இல்லை. உலகநாதன் வாயை மூடிக்கொண்டு கியரை மாற்றினான்.

கடைசியில் அந்த நாளும் வந்தது. அன்று காலையும் சின்னையன் அதே வேனில்தான் வந்தார். கோர்ட்டு வாசலில் டவாலி பெயர் கூப்பிட, கூண்டில் ஏறினார். எதிர்க் கூண்டில் உலகநாதன் கைகட்டி நின்றான். அரசு வக்கீல் மேக்னா புதிதாக வந்த இளம்பெண். அன்று அவர் கையில் இதைப் போல ஒரு மூட்டை கேஸ்கள்.

"அன்னிக்கு வண்டி ஓட்டினவரை உங்களுக்கு அடையாளம் தெரியுமா?"

"தெரியும்மா." சின்னையன் கையைக் காட்டினார். அன்பரசி சொல்லிக் கொடுத்தபடி நேராக, நடுங்காமல் காட்டினார். "இந்தாளுதான். உலகநாதன்."

பெயரையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் பலமாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. எதிர்த்தரப்பு வக்கீல் கிரிதர் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். அதுவரை அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குறுக்கு விசாரணைக்கு எழுந்த கிரிதர், மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசுகிற மாதிரி பேசினார்.

"பெரியவரே, பேரெல்லாம் கரெக்டா சொல்றீங்க. நல்லாப் பழக்கமோ?"

"பழக்கம்தாங்க."

"எப்படிப் பழக்கம்?"

பைபிளைத் தொடாவிட்டாலும் சின்னையன் சத்தியம் செய்திருந்தார். சத்தியம் செய்தவர் உள்ளதைத்தானே சொல்ல வேண்டும்.

"கோர்ட்டுக்கு வர்றப்ப அவரு வேன்லதாங்க வருவேன்."

"இன்னைக்கு?"

"இன்னிக்கும்."

"எங்க உக்காருவீங்க?"

"மொதல்ல பின்னால. இப்ப முன் சீட்ல."

"அவர் பக்கத்துல?"

"ஆமாங்க. இடுப்பு வலி."

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"ஆஸ்பத்திரி வாசல்ல நடந்த சம்பவத்துக்கு முன்னாடி இவரைப் பாத்திருக்கீங்களா?"

"இல்லீங்க."

"போலீஸ்காரங்க நாலு பேரை வரிசையா நிக்க வச்சு, இதுல யாருன்னு உங்களைக் காட்டச் சொன்னாங்களா?"

"அப்பிடி ஒண்ணும் செய்யலீங்க. ஆனா நான் மூஞ்சியப் பாத்தேங்க. எறங்கி நின்னாரு. தலைல கைய வச்சாரு."

"அதெல்லாம் கேக்கலை." கிரிதர் நீதிபதியை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி சின்னையன் பக்கம் திரும்பினார். "நீங்க இவரைக் கூண்டுலயும் வேன்லயும் பாத்துப் பாத்துத்தான் அடையாளம் சொல்றீங்க, சம்பவத்தன்னிக்கு ஓட்டினவரை நீங்க பாக்கவே இல்லைன்னு சொல்றேன்."

"அது தப்புங்க."

தட்டச்சுக்காரர் அதைக் கோர்ட்டுத் தமிழில் அடித்தார்: 'நான் சம்பவத்தன்று வாகனத்தை ஓட்டியவரைப் பார்க்கவில்லை என்று சொன்னால் சரியல்ல.' சின்னையன் சொன்னது இரண்டே வார்த்தை. அதை இத்தனை நீளமாக்கியும் பலம் மட்டும் கூடவில்லை.

இடைவேளையில் மேக்னா அவரை வராந்தாவின் ஓரத்துக்கு அழைத்துப் போனார்.

"ஐயா, இத்தனை வருஷம் அவர் வண்டியில வந்திருக்கீங்க. நான்தான் இடிச்சேன்னு ஒரு தடவையாவது உங்ககிட்ட சொல்லியிருக்காரா? சொல்லியிருந்தா அதுவே சாட்சியம். இப்பவே ஜட்ஜ்கிட்ட அனுமதி கேட்டு, மறுபடி உங்களைக் கூண்டுல ஏத்தறேன்."

"சொல்ல வந்தாரும்மா."

"அப்புறம்?"

"நான்தாம்மா வாணாம்னேன். இங்க வந்து சொல்லச் சொன்னேன்."

மேக்னாவுக்குத் திட்டவும் தோன்றவில்லை, தேற்றவும் தோன்றவில்லை. கையிலிருந்த கட்டின் நாடாவை இறுக்கிக் கட்டினார். அதற்குள் அடுத்த கேஸுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தீர்ப்பு நாளன்று அன்பரசி லீவு போட்டு வந்திருந்தாள். அப்பாவும் மகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார்கள். வாகனம் மோதியது உண்மை. மேரி இறந்தது உண்மை. வாகனம் அஜாக்கிரதையாக ஓட்டப்பட்டது என்பதும் உண்மை. ஆனால் அதை ஓட்டியது இந்த எதிரிதான் என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை. முதல் சாட்சிக்கும் எதிரிக்கும் நெடுநாளைய பழக்கம் இருப்பதால் அவருடைய அடையாளத்தை நம்பி முடிவுக்கு வர இயலவில்லை. சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து அவர் விடுதலை செய்யப்படுகிறார்.

அந்தப் பழக்கத்தை உண்டாக்கியது அத்தனை வருஷத்து வாய்தா என்பதைத் தீர்ப்பில் எழுத இடம் போதவில்லை.

"அப்ப யாருப்பா ஓட்டினாங்களாம்?" என்று அன்பரசி மெதுவாகக் கேட்டாள்.

"யாரோ."

"யாரோன்னா?"

"அத்த அவங்க சொல்லலம்மா."

அப்பீல் போகலாம், அதற்குக் காலவரம்பு உண்டு, தீர்ப்பு நகலுக்கு மனுப் போடுங்கள் என்று மேக்னா போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். இருவரும் வெளியே வந்து மரத்தடியில் நின்றார்கள். வக்கீலுக்குக் கும்பிடு போட்டுவிட்டு உலகநாதன் வந்தான். ஜெயித்தவன் முகமாக அது இல்லை. பரீட்சையில் பார்த்து எழுதி பாஸானவன் முகம்.

"வண்டி எடுக்கப் போறேன் அண்ணாத்த. பாப்பாவும் ஏறிக்கட்டும்."

அன்பரசி அவனைப் பார்க்கவில்லை. சின்னையன் பார்த்தார்.

"இப்பதான் உனக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாங்களே. இப்பச் சொல்லு. என்கிட்ட வாணாம், எம் பொண்ணுகிட்ட சொல்லு."

உலகநாதனின் வாய் திறந்தது. கண் மட்டும் வாசல் பக்கம் போய், காரில் ஏறிக்கொண்டிருந்த கிரிதரைப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

"அப்பீலு டைம் முடியற வரைக்கும் யார்கிட்டயும் பேசக் கூடாதுன்னு சொல்லிகீறாரு அண்ணாத்த."

"அது முடிஞ்சதும்?"

"அது முடிஞ்சா" என்று அவன் சாவியை விரலில் மாட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி சொன்னான், "நீ எதுக்கு அண்ணாத்த இந்த வேன்ல வரப்போற?"

நியாயமான கேள்விதான். சின்னையன் தலையாட்டப் போனார். அன்பரசி அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டதால் ஆட்டவில்லை.